விவிலியத்தில் வரும் எதிரிகள் தங்கள் வாயால் சொல்வது: தொல்லியலோடு சேர்த்துப் படிக்க ஒரு வழி

தேவகோட்டையில் எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு கூட்டத்தில், ஞாயிறு மாலை கூடி விவிலியம் வாசிக்கிறோம். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். அதனால் அகழாய்வு பற்றிய கேள்வி எது வந்தாலும், “டீச்சர் சொல்லட்டும்” என்று எல்லாரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தவை. ஒரு வாரம் “பைபிள் பொய் என்று அகழாய்வு நிரூபித்தது” என்று வரும். அடுத்த வாரம் “பைபிள் உண்மை என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டனர்” என்று வரும். சில சமயம் இரண்டுமே ஒரே கண்டுபிடிப்பைப் பற்றியதாக இருக்கும்.

இந்த மெய்யா பொய்யா வழக்கில் மாட்டிக்கொண்டால் படிப்பு நகராது என்பது என் கருத்து. கானானியர், பெலிஸ்தியர், மோவாபியர், ஏதோமியர் ஆகியோரைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதெல்லாம் அவர்களோடு எல்லைச் சண்டை போட்ட இஸ்ரயேலர் எழுதி வைத்தது. அவர்களுக்கும் வீடு, வாசல், பிள்ளைகள், கோயில், கவலை எல்லாம் இருந்திருக்கும். அவர்கள் தரப்பை அவர்களே சொல்வது மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதைக் கேட்பதற்காக அகழாய்வைப் படியுங்கள். வீட்டில் தனியாகவும் படிக்கலாம், பத்துப் பேர் கூடியும் படிக்கலாம். எங்களுக்குப் பயன்பட்ட முறையைக் கீழே எழுதுகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு விவிலியம், பழைய ஏற்பாட்டுக் கால நிலப்படம் ஒன்று, ஒரு நோட்டு. கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பிலும் சபையினர் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் ஊர்ப்பெயர்கள் கொஞ்சம் மாறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டால் தேடும்போது குழப்பம் இராது.

செய்தி வந்தால், முதலில் விவிலியத்தைத் திறவுங்கள்

2017-இல் ஒரு செய்தி பரவியது. லெபனானில் உள்ள சீதோன் நகரில், ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஐந்து பேரின் எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தார்கள். இன்றைய லெபனான் மக்களின் மரபில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கானானியரிடமிருந்து வந்தது என்று முடிவு வந்தது. அருமையான ஆய்வு. ஆனால் சில பத்திரிகைகள் அதற்கு வைத்த தலைப்பு, “கானானியரை அழித்ததாகச் சொல்லும் பைபிள் தவறு” என்பது.

இப்போது நீதித் தலைவர்கள் முதல் அதிகாரம், 31-ஆம் வசனத்தை எடுங்கள். இஸ்ரயேலின் குலங்களில் ஒன்றான ஆசேர் குலத்தார் அக்கோவிலும் சீதோனிலும் வாழ்ந்தவர்களை விரட்டவில்லை என்று ஊர்ப்பெயரோடு சொல்லியிருக்கிறது. அடுத்த வசனத்தில், ஆசேர் குலத்தார் கானானியர் நடுவே வாழ்ந்தார்கள் என்றும் இருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதும் இப்படித்தான்: இந்தக் குலம் விரட்டவில்லை, அந்தக் குலம் விரட்டவில்லை. மத்தேயு 15-இல் தீர், சீதோன் பகுதியில் இயேசுவிடம் வந்து தன் மகளுக்காகக் கெஞ்சுகிறவள் யார்? கானானியப் பெண் என்றே எழுதியிருக்கிறது.

அப்படியானால் அந்த ஆய்வு எதை அசைத்தது? விவிலியத்தை அசைத்ததைவிட, நம் தலையில் இருந்த விவிலியத்தைத்தான் அதிகம் அசைத்தது. யோசுவாவின் தலைமையில் இஸ்ரயேலர் கானானைப் பிடித்த கதையைச் சொல்லும் யோசுவா நூலை மட்டும் வைத்துக்கொண்டு, “கானானியர் ஒருவர் விடாமல் போய்விட்டார்கள்” என்று நாமே முடிவு கட்டியிருந்தோம். எந்தத் தொல்லியல் செய்தி வந்தாலும், அதைப் பகிர்வதற்கு முன் சம்பந்தப்பட்ட அதிகாரத்தை முழுவதும் படித்துவிடுங்கள். ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் அதற்கு முன்னும் பின்னும் போங்கள். பத்து நிமிட வேலைதான்.

இதே ஆய்வை வைத்து இன்று யாருக்கு எந்த நிலம் சொந்தம் என்று வாதாடவும் ஆட்கள் கிளம்புவார்கள். 3,700 ஆண்டுக்கு முந்தைய எலும்பு அந்த வழக்குக்குச் சாட்சி சொல்லாது. கூட்டத்தில் பேச்சு அந்தப் பக்கம் போனால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

மூன்று காலங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்

நோட்டில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் மூன்று காலங்களைக் குறியுங்கள். நிகழ்ச்சி எப்போது நடந்ததாகச் சொல்லப்படுகிறது, அந்த நூல் ஏறத்தாழ எப்போது எழுத்து வடிவம் பெற்றது, தோண்டி எடுத்த பொருள் எந்தக் காலத்தது. முக்கால்வாசிக் குழப்பம் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுவதால் வருகிறது.

இஸ்ரயேலர் எக்காளம் ஊதியதும் மதில் விழுந்ததாக யோசுவா நூல் சொல்லும் எரிகோவை எடுத்துக்கொள்வோம். 1930-களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த ஒரு மதிலைப் பார்த்து, இது யோசுவா காலத்தில் விழுந்தது என்றார். உலகம் முழுவதும் பங்குக் கோயில்களில் அதைச் சொல்லி மகிழ்ந்தார்கள். 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டைத் தோண்டினார். மண் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் பார்த்து, அந்த மதில் யோசுவாவுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது என்று காட்டினார். மதிலோடு இருந்த பிந்தைய நகரமும் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது. யோசுவா வந்ததாகக் கருதப்படும் காலத்தில், அங்கே சூழ்ந்து நின்று எக்காளம் ஊத ஒரு பெரிய மதில் இருந்ததற்குத் தடயம் இல்லை.

கென்யனுக்கு அகழாய்வு கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மார்ட்டிமர் வீலர். 1945-இல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் தோண்டினாரே, அவர்தான். சதுரம் சதுரமாகக் குழி எடுத்து, குழிகளுக்கு நடுவே மண்சுவரை விட்டு, அந்தச் சுவரின் முகத்தில் அடுக்குகளைப் படிக்கும் முறை அவர்கள் இருவர் பெயராலும் வழங்குகிறது. எரிகோவின் கதையை மாற்றிய முறையும் நம் கடற்கரையில் ரோமானியத் தொடர்பைக் காட்டிய முறையும் ஒன்று என்று சொன்னதும் எங்கள் கூட்டத்து இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆயி நகரத்தின் கதையும் இதே மாதிரி. கி.மு. 2400 வாக்கில் அழிந்த ஒரு பெரிய நகரம், பிறகு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வெறும் மேடு, கி.மு. 1200 வாக்கில் ஒரு சின்னக் கிராமம். யோசுவா 8-இல் வரும் போருக்கு அங்கே ஆள் இல்லை. ஆனால் ஆட்சோர் என்ற பெரிய நகரம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் பயங்கரமாக எரிந்தது உண்மை. அதை எரித்தது யார் என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆக மூன்று ஊர், மூன்று விதம். “யோசுவா நூலைத் தொல்லியல் மறுத்தது” என்றோ “உறுதி செய்தது” என்றோ ஒரே வரியில் சொல்லாதீர்கள். ஊர் ஊராகச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கநூலில் ஆபிரகாமின் வேலைக்காரர் பத்து ஒட்டகங்களோடு பெண் பார்க்கப் போகிறார். சாக்கடலுக்குத் தெற்கே உள்ள அராபா பள்ளத்தாக்கின் செப்புச் சுரங்கங்களில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2013-இல் வந்த கட்டுரை, பழக்கப்பட்ட ஒட்டகம் அந்தப் பகுதிக்குக் கணிசமாக வந்தது கி.மு. 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் என்றது. ஆபிரகாம் காலத்துக்குப் பல நூறு ஆண்டு பிந்தியது. கதையை எழுத்தில் வைத்தவர்கள் தங்கள் காலத்து வண்டி வாகனத்தையே கதைக்குள்ளும் ஓட்டியிருக்கிறார்கள். கோட்டில் மூன்று காலங்களையும் குறித்திருந்தால் இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

முகப்பைப் பார்த்து ஆளைச் சொல்லாதீர்கள், அடுப்படிக்குப் போங்கள்

பெலிஸ்தியரைப் படிக்கும்போது ஒரு கேள்வி வந்தே தீரும். ஓர் இடத்தில் வெளிநாட்டுப் பாணிப் பானை கிடைத்தால், வெளிநாட்டார் வந்து குடியேறினார்கள் என்று பொருளா, இல்லை பானை மட்டும் வியாபாரத்தில் வந்ததா?

செட்டிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது தோண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் பர்மா தேக்குத் தூண், பட்டாலையில் இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பான் டைல்ஸ், பெல்ஜியம் கண்ணாடி. இவற்றை மட்டும் பார்த்தால் நான்கு நாட்டார் இங்கே வந்து குடியிருந்தார்கள் என்று எழுதிவிடுவார்கள். அதே ஆள் இன்னும் பின்னே போய் அடுப்படியைத் தோண்டினால் அம்மியும் ஆட்டுரலும் உலக்கையும் கிடைக்கும். அப்போது தெரிந்துவிடும், இந்த வீட்டுக்காரர்கள் இந்த ஊர்க்காரர்கள், வியாபாரத்துக்குப் போய் வந்தவர்கள் என்று. விருந்தாளிக்குக் காட்டுகிற பொருள் சுலபமாக மாறும். தினம் மூன்று வேளை கை பழகிய பொருள் சட்டென்று மாறாது.

பெலிஸ்தியர் விஷயத்தில் இந்த அடுப்படிச் சோதனை என்ன சொல்கிறது? எகிப்தின் மூன்றாம் இராம்சேஸ், கி.மு. 1175 வாக்கில் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த கூட்டங்களோடு போரிட்டதை மெதினெத் ஹாபு கோயில் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார். அதில் ‘பெலசேத்’ என்ற பெயர் வருகிறது, அது பெலிஸ்தியர்தான் என்று கருதுகிறார்கள். அதே காலத்தில் அஸ்கலோன், அஸ்தோது, எக்ரோன் நகரங்களில் கிரேக்கப் பக்கத்துப் பாணியில் பறவை வரைந்த பானைகள் வருகின்றன. அவற்றை உள்ளூர் மண்ணிலேயே செய்திருக்கிறார்கள். கூடவே சமையல் பாத்திரத்தின் வடிவம் மாறுகிறது, அடுப்பு மாறுகிறது. தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கக் கட்டும் குண்டுகூட, துளையில்லாத, சுடாத களிமண் உருளையாக மாறுகிறது. பன்றி எலும்பு கூடுகிறது. தறிக்குண்டை யாரும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வரவேற்பறையில் வைக்க மாட்டார்கள். நெசவு தெரிந்த கைகளே வந்து இறங்கியிருக்க வேண்டும்.

2019-இல் மரபணுச் சான்றும் வந்தது. அஸ்கலோனில் வீட்டுத் தரைக்கடியில் புதைத்திருந்த நான்கு கைக்குழந்தைகள், பெலிஸ்தியர் வந்து இறங்கிய காலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடலில் தென் ஐரோப்பியக் கலப்பு தெரிந்தது. ஆனால் இருநூறு ஆண்டுக்குள் அதே ஊரில் புதைக்கப்பட்டவர்களிடம் அந்தக் கலப்பு கண்டுபிடிக்க முடியாத அளவு கரைந்துவிட்டது. அக்கம்பக்கத்தாரோடு கொண்டும் கொடுத்தும் இருந்திருக்கிறார்கள். விருத்தசேதனம் இல்லாத அந்நியர் என்று சாமுவேல் நூல் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த மக்கள், தாவீது காலத்துக்குச் சற்றுப் பிறகு இரத்தத்தில் ஏறத்தாழ உள்ளூராராகவே ஆகிவிட்டிருந்தார்கள். பெயரும் ஊர்ப்பற்றும் மட்டும் தொடர்ந்தன.

எக்ரோன் கல்வெட்டை நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதி வையுங்கள். 1996-இல் கோயில் இடிபாட்டில் கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. ஆக்கிசு என்ற அரசன், தன் தகப்பனான ‘பாதி’ என்பவன் தொடங்கி நான்கு தலைமுறை முன்னோர் பெயரையும் வரிசையாகச் சொல்லி, தன் தேவிக்கு இந்தக் கோயிலைக் கட்டினேன் என்கிறான். அவள் என்னை ஆசீர்வதிக்கட்டும், காக்கட்டும், என் நாள்களை நீட்டட்டும், என் நாட்டை ஆசீர்வதிக்கட்டும் என்று முடிக்கிறான். தாவீது அடைக்கலம் புகுந்த காத்து நகர அரசனின் பெயரும் ஆக்கிசுதான். அவன் வேறு, இவன் சில நூறு ஆண்டு பிந்தியவன். அந்தப் பெயர் பெலிஸ்திய அரசர்களிடம் உண்மையாகவே வழங்கியது என்பது இதனால் தெரிகிறது. எக்ரோனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. காட்டுமிராண்டிகள் என்று நாம் நினைத்தவர்கள் அந்த வட்டாரத்துக்கே எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அஸ்கலோனில் 2013-இல் கண்டுபிடித்து, 2016-இல் அறிவித்த பெலிஸ்தியர் கல்லறைத் தோட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சிலருடைய முகத்தருகே சின்னக் குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள், வாசனைத் தைலம் இருந்ததாகக் கருதுகிறார்கள். கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோகும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பன்றி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். “பன்றி எலும்பு இருந்தால் பெலிஸ்தியர், இல்லாவிட்டால் இஸ்ரயேலர்” என்று முன்பு சுலபமாகச் சொன்னார்கள். பெலிஸ்தியரின் சிற்றூர்கள் சிலவற்றில் பன்றி எலும்பு குறைவு. எருசலேமிலேயே கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றில் முழுப் பன்றியின் எலும்புக்கூடு கிடைத்ததாக 2021-இல் செய்தி வெளியிட்டார்கள். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து இனத்தைத் தீர்மானிக்காதீர்கள். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் நம்பலாம்.

ஒரே சண்டை, இரண்டு வாய்

நான் யாருக்காவது ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்யலாம் என்றால் மோவாபு அரசன் மேசாவின் கல்லைத்தான் சொல்வேன். இன்றைய ஜோர்தானில், திபான் என்ற ஊரில் 1868-இல் வெளியே தெரியவந்தது. கருங்கல். 34 வரி. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. கிடைத்த கொஞ்ச காலத்திலேயே, யாருக்கு விற்பது என்ற இழுபறியில் உடைந்து போனது. உடைவதற்கு முன் ஈரத்தாளை ஒற்றி எடுத்த படி ஒன்று இருந்ததால் பெரும்பகுதியை மீட்டார்கள். இப்போது பாரீஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செய்முறை இது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒருவர் 2 அரசர்கள் 3-ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும், மற்றவர் மேசாவின் கல்வெட்டை வாசிக்கட்டும். கல்வெட்டின் மொழிபெயர்ப்பு இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் முந்தின வாரமே யாராவது தமிழில் எழுதி வரட்டும். எங்கள் கூட்டத்தில் நாங்களே எழுதிக்கொண்டோம்.

2 அரசர்கள் என்ன சொல்கிறது? மேசா ஆடு வளர்க்கும் அரசன். இஸ்ரயேலுக்குக் கப்பமாக ஆட்டுக்குட்டிகளும் கம்பளியும் கட்டி வந்தவன். இஸ்ரயேல் அரசன் ஆகாபு இறந்ததும் கிளர்ச்சி செய்தான். மூன்று அரசர்கள் சேர்ந்து படையெடுத்து, ஊர்களை இடித்து, நீரூற்றுகளைத் தூர்த்தார்கள். கடைசியில் மேசா மதில் மேல் தன் மூத்த மகனைப் பலி கொடுத்தான். இஸ்ரயேல்மேல் பெருஞ்சினம் வந்தது. படை திரும்பிப் போனது. அங்கே அதிகாரம் சட்டென்று முடிகிறது.

மேசா சொல்கிறான்: நான் மோவாபின் அரசன். என் தகப்பன் முப்பது ஆண்டு ஆண்டான். இஸ்ரயேலின் அரசன் ஓம்ரி மோவாபைப் பல நாள் ஒடுக்கினான், ஏனென்றால் எங்கள் தெய்வம் கெமோசு தன் நாட்டின் மேல் சினங்கொண்டிருந்தார். பிறகு கெமோசு எனக்கு வெற்றி தந்தார். நெபோவைப் போய்ப் பிடி என்று கெமோசு சொன்னார். இரவில் போனேன், விடியல் முதல் நண்பகல் வரை போரிட்டேன், அங்கிருந்த 7,000 பேரைத் தெய்வத்துக்கென்று கொன்றேன். இஸ்ரயேலருடைய ஆண்டவரின் பாத்திரங்களை இழுத்து வந்து கெமோசின் முன் வைத்தேன். இஸ்ரயேல் என்றென்றைக்குமாக அழிந்தது.

இதை வாசித்து முடித்ததும் யாரும் உடனே பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இதில் பெயர்களை மாற்றிவிட்டால் இது எந்த நூல்? தெய்வத்தின் சினத்தால் தோல்வி, தெய்வத்தின் தயவால் வெற்றி, தெய்வமே போருக்கு அனுப்புதல், எதிரியைத் தெய்வத்துக்கென்று முழுவதும் அழித்தல் எல்லாம் அப்படியே யோசுவா நூலின் நடை. இஸ்ரயேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று மேசா சொன்னதற்குப் பிறகும் இஸ்ரயேல் அரசு நூறாண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்தில் வென்ற அரசர்கள் “ஒருவரையும் விடவில்லை” என்று எழுதுவது வழக்கம். அதற்கும் முன்னே, கி.மு. 1208 வாக்கில், எகிப்தின் மெர்னெப்தா, இஸ்ரயேலின் விதைகூட இல்லாமல் போயிற்று என்று கல்லில் வெட்டினான். இஸ்ரயேல் என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டாக அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்பது அதுதான். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு யோசுவா நூலின் “ஒருவரும் தப்பவில்லை” என்ற வரிகளை வேறு காதால் கேட்பீர்கள்.

மேசாவின் கல்லில் போர் முடிந்த பிறகு வரும் வரிகளை விட்டுவிடாதீர்கள். ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி இல்லை, அதனால் மக்கள் எல்லாரிடமும், “ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் ஒரு தொட்டி வெட்டிக்கொள்ளுங்கள்” என்று சொன்னேன் என்கிறான். ஊரணியை நம்பி வாழ்ந்த எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்த அரசன் அந்த வரியில்தான் புரிந்தான். கூட்டத்தில் ஒரு பெரியவர், “ஊற்றைத் தூர்த்தவங்க ஒரு பக்கம், தொட்டி வெட்டச் சொன்னவன் ஒரு பக்கம், நாம இத்தனை நாளா ஒரு பக்கத்தை மட்டும்தானே வாசிச்சோம்” என்றார். அப்புறம் அன்று செபத்தில் மோவாபியருக்காகவும் ஒரு மன்றாட்டு வைத்தோம்.

இஸ்ரயேலரையும் அதே கண்ணால்

எதிரிகளோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும். கி.மு. 1200-க்குப் பிறகு நடு மலைநாட்டில் சுமார் 250 சிற்றூர்கள் முளைத்தன. பெரும்பாலும் மதில் இல்லை, அரண்மனை இல்லை. அவர்கள் பானைகள் கானானியர் பானையின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. பெலிஸ்தியருக்கு வைத்த அடுப்படிச் சோதனையை இங்கும் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பெருங்கூட்டம் ஒன்று வந்து எல்லாவற்றையும் மாற்றியதற்கு அடையாளம் குறைவு. இஸ்ரயேலரில் பெரும்பகுதியினர் கானான் மண்ணின் மக்களே என்பது இன்று பல தொல்லியலாளர்களின் கருத்து. எகிப்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்து அவர்களோடு சேர்ந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

சீனாய்ப் பாலைவனத்தில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975, 76-இல் தோண்டியபோது, கி.மு. 800 வாக்கைச் சேர்ந்த பெரிய ஜாடிகளில், “சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்” உன்னை ஆசீர்வதிப்பதாக எழுதியிருந்தது. யாவே என்பது இஸ்ரயேலர் வணங்கிய ஆண்டவரின் பெயர். அசேரா என்பது தேவியா, தேவிக்குரிய மரக்கம்பமா என்று வாதம் இருக்கிறது. எப்படியானாலும் ஆண்டவரோடு இன்னொன்றையும் சேர்த்து வணங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடும். உடனே 2 அரசர்கள் 23:6-ஐயும் எரேமியா 44-ஐயும் வாசியுங்கள். எருசலேம் கோயிலிலிருந்தே அசேராவை வெளியே கொண்டுபோய் எரித்தார்கள் என்கிறது முதலாவது. விண்ணக அரசிக்குப் பணியாரம் சுட்டுப் படைத்ததை நிறுத்த மாட்டோம் என்று பெண்கள் எரேமியாவிடமே எதிர்த்துச் சொல்கிறார்கள் இரண்டாவதில். இறைவாக்கினர்கள் வாய் வலிக்கக் கத்தியது சும்மா இல்லை. கத்துவதற்குக் காரணம் வீட்டுக்கு வீடு இருந்தது.

கொஞ்சம் எச்சரிக்கை

எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத பொருளைச் சான்றாக எடுக்காதீர்கள். வாஷிங்டனில் உள்ள விவிலிய அருங்காட்சியகம், சாக்கடல் சுருள் (விவிலியத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள்) துண்டுகள் என்று வாங்கி வைத்திருந்த 16 துண்டுகளும் போலி என்று 2020-இல் தெரியவந்தது. பழம்பொருள் சந்தையில் வாங்கியவை அவை.

எலும்பு, கரி போன்றவற்றின் வயதைக் கணக்கிடும் கரிமக் காலக்கணிப்பிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலத்துக்கு அந்தக் கணிப்பு வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. அதாவது, அதற்குள் எந்த நூற்றாண்டு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். யூதா அரசின் கடைசிக் காலம் அதற்குள் வருகிறது. நம் கீழடியின் பழைய தேதிகள் சிலவும் அதற்குள் வருகின்றன. ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அடுக்கையும் பானையையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை குழுவாகப் போய்வாருங்கள். தேவகோட்டையிலிருந்து காளையார்கோவில், சிவகங்கை வழி. பானை ஓட்டை எப்படி வகை பிரிக்கிறார்கள், கீறல்களை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு எரிகோவும் எக்ரோனும் காகிதத்தில் உள்ள பெயராக இருக்காது.

“இதையெல்லாம் படித்தால் விசுவாசம் போய்விடாதா?” என்று பெற்றோர் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த ‘இறை வெளிப்பாடு’ ஏட்டின் 12-ஆம் பகுதியைக் காட்டுங்கள். எழுதியவர் எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. சிறுவர் வகுப்பு என்றால் மேசாவிலிருந்து தொடங்குங்கள், யோசுவாவைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே எரிகோவில் தொடங்கினால் பிள்ளைகள் மதில் விழுந்ததா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுவார்கள்.

மோவாபியர் முடிந்ததும் சமாரியரை எடுங்கள். 2 அரசர்கள் 17 அவர்களை அசீரிய அரசன் கொண்டுவந்து குடிவைத்த அந்நியர் வழி என்கிறது. கெரிசிம் மலையில் இட்சாக் மாகென் 1982 முதல் நடத்திய அகழாய்வு, கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அதே ஆண்டவருக்குக் கோயில் இருந்ததைக் காட்டியது. நெகேமியா நூலில் எருசலேம் மதிலைக் கட்டவிடாமல் தொல்லை கொடுக்கும் சன்பலாற்று சமாரியாவின் ஆளுநர். எகிப்தின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்கள், இடிக்கப்பட்ட தங்கள் கோயிலுக்காக உதவி கேட்டுக் கி.மு. 407-இல் எழுதிய கடிதத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயர் வருகிறது: தெலாயா, செலேமியா. இரண்டும் ஆண்டவரின் பெயரை உள்ளே வைத்த பெயர்கள். நெகேமியா 2, 4, 6 அதிகாரங்களை முதல் வாரமும், அந்தக் கடிதத்தை இரண்டாம் வாரமும், யோவான் 4-இல் இயேசுவுக்கும் சமாரியப் பெண்ணுக்கும் கிணற்றடியில் நடக்கும் பேச்சை மூன்றாம் வாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.